கட்டிங்குக்கு ஆள் தேடத் தெரிஞ்ச மாப்ளைக்கு

வா மாப்ளே, இப்படித் திண்ணையில உக்காரு. தூணை விட்டுரு, அது விழாது. நேத்து ராத்திரி அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, "மாமா, வீடு சுத்துது, யாராச்சும் நிப்பாட்டுங்க"ன்னு கத்துனியே, ஞாபகம் இருக்கா? இருக்காது. எங்க அப்பன் கட்டுன வீடு. அறுபது வருசமா கெழக்கே பாத்த மேனிக்குத்தான் நிக்குது.

காப்பியைக் குடி. கை நடுங்குனா ரெண்டு கையாலயும் புடி. மாமன் வீட்டுல எம்புட்டு மரியாதையா வாங்குறான் பாருன்னு பாக்குறவங்க நெனச்சுக்கிருவாங்க.

உங்க ஆத்தா கோழி கூப்புட இங்க வந்துட்டா. "அண்ணே, நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்"கிறா. என் தங்கச்சிக்கு இன்னமும் அண்ணன் மேல அம்புட்டு நம்பிக்கை. நான் சொன்னா இந்த வீட்டு ஆட்டுக்குட்டிகூடத் திரும்பிப் பாக்காது. நீ பயப்படாதே, புத்தி சொல்லக் கூப்புடல. உனக்குப் புத்தி சொன்னவங்களை வரிசையா நிறுத்துனா சாத்தூர் வரைக்கும் நிப்பாங்க. நான் உன் தெறமையைப் பாராட்டத்தான் கூப்புட்டேன்.

போன மாசியில உன் மகளுக்குக் காது குத்தத் திருச்செந்தூர் போனோம்ல? நாழிக்கிணறு எங்கன்னு நீ மூணு பேர்கிட்ட வழி கேட்டே. கடல் எந்தப் பக்கம்னுகூடக் கேட்டேன்னு உன் பொண்டாட்டி சொல்லுது. ஆனா, ஆசாரி ஊசியை எடுக்குறதுக்குள்ள நீ காணாமப் போயி, கடையைக் கண்டுபுடிச்சு, கம்பிக்குள்ள கைய விட்டு வாங்கி, சோலியை முடிச்சிட்டு, வாயில பாக்கை மென்னுக்கிட்டு வந்து நின்னே. யார்கிட்டயும் வழி கேக்கல. அது என்ன வித்தைய்யா? மோப்ப நாயைப் பழக்குறதுக்கு போலீசுக்காரன் மாசக்கணக்குல செலவழிக்கிறான். உன்னைக் கூட்டிட்டுப் போனா ஒரு நேரச் சோறோட முடிஞ்சிரும்.

அதுலயும் பாரு, கையில முழுக் குவார்ட்டருக்குக் காசு பத்தல. கடை வாசல்ல ஒருத்தன் கண்ணைப் பாத்தே. அவன் உன் கண்ணைப் பாத்தான். "கட்டிங்கா?" அம்புட்டுத்தான் பேச்சு. 180 மில்லி, ஆளுக்கு 90. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு நீங்க ஊத்துற ஊத்துக்கு ரேசன் கடைத் தராசு கிட்ட நிக்க முடியாது. அவன் பேரு என்ன? தெரியாது. எந்த ஊரு? தெரியாது. என்ன ஆளுகன்னு கேட்டியா? கேக்கல. நம்ம பக்கத்துல முன்னப்பின்ன தெரியாதவனோட அரை மணி நேரம் உக்காந்து பேசிட்டு, 'நீங்க என்ன ஆளுக'ன்னு கேக்காம எந்திரிச்சு வர்ற எடம் அது ஒண்ணுதான்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

இன்னொரு எடமும் இருக்கு மாப்ளே. அங்கயும் பேரைத் துருவ மாட்டான். பங்கும் உண்டு. ஊத்திக்கிற சரக்கு மட்டும் வேற.

ஏ.ஏ. கூட்டம்னு சொல்லுவாங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பேர் சொல்லாத குடிநோயாளிகள்னு வச்சுக்கோ. குடிச்சுச் சீரழிஞ்சவங்க, நிறுத்துனவங்க, நிறுத்தணும்னு நெனைக்கிறவங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து பேசுறது. எனக்கு எப்படித் தெரியும்கிறியா? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு போயிட்டு வர்றாரு. அவர் சொல்லித்தான் தெரியும்.

அது ஆரம்பிச்ச கதையே உன் திருச்செந்தூர்க் கதை மாதிரித்தான். 1935, மே மாசம். அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊரு, டயரு பண்ற ஊரு. பில் வில்சன்னு ஒரு பெரிய குடிகாரர், நியூயார்க்குல பங்குச் சந்தையில யாவாரம் பாத்தவரு. ஆசுபத்திரியில கெடந்து எந்திரிச்சு, குடியை விட்டு அஞ்சு மாசம் ஆகுது. ஆக்ரனுக்கு ஒரு யாவாரச் சோலியா வந்தாரு. சோலி கவுந்துருச்சு. பையில காசு இல்ல, பக்கத்துல ஆளு இல்ல, ஓட்டல் முன்கூடத்துல ஒத்தையில நிக்காரு. ஒரு பக்கம் பாரு. உள்ளருந்து சிரிப்பும் கிளாஸ் சத்தமும் வருது. இன்னொரு பக்கம் டெலிபோனு. நீயா இருந்தா எந்தப் பக்கம் போவே? பதில் சொல்ல வேண்டாம், காப்பி ஆறுது.

அவருக்கும் கால் பாருப் பக்கம்தான் இழுத்துச்சு. ஆனா, அங்க மாட்டியிருந்த சர்ச்சுப் பட்டியலைப் பாத்து ஒரு பாதிரியாருக்குப் போனைப் போட்டாரு. என்ன கேட்டாருங்கிறே? இந்த ஊருல என்னை மாதிரிக் குடிகாரன் எவனாச்சும் இருக்கானா, அவன்கிட்ட நான் பேசணும்னு கேட்டாரு. அந்தப் பாதிரியார் மனசுல என்ன ஓடியிருக்கும்! அங்க சுத்தி இங்க சுத்தி, பாப் ஸ்மித்னு ஒரு ஆபரேசன் டாக்டர் இருக்காருன்னு தகவல் கெடச்சது. உடனே பாக்க முடியல. மறுநாள் அன்னையர் தினம். டாக்டர் பொண்டாட்டிக்குன்னு ஒரு பூந்தொட்டி வாங்கிட்டு வந்திருக்காரு. செடி நிமுந்து நிக்குது, டாக்டர் எந்திரிக்கல.

மறுநா சாயங்காலம் கை நடுக்கத்தோட வந்தாரு. 15 நிமிசத்துக்கு மேல இருக்க மாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்த மனுசன், ஆறு மணி நேரத்துக்கு மேல உக்காந்துட்டாரு. எதிர்ல இருந்தவன் புத்தி சொன்னா இருப்பாரா? அந்த ஆளு தன் கதையைச் சொல்லிக்கிட்டே இருந்தான். தான் விழுந்த குழி, தான் வித்த பொருள், தன் பொண்டாட்டி அழுத அழுகை. டாக்டருக்கு எல்லாம் தன் வீட்டுல நடந்தது மாதிரியே இருந்திருக்கு. அதுக்கப்புறமும் டாக்டர் ஒரு தடவை சறுக்குனாரு; ஒரு மாநாட்டுக்குப் போயி நெலை தெரியாமத் திரும்பி வந்தாரு. தெளிஞ்ச அன்னைக்கு ஒரு ஆபரேசன் வேற. கை நடுங்கக் கூடாதுன்னு பில்லே ஒரு பீர் பாட்டிலைக் கையில குடுத்தாராம். நீ கண்ணை அகலமாத் தொறக்காதே, அது உனக்குச் சொன்ன வைத்தியம் இல்ல. அதுதான் டாக்டரோட கடைசிப் பாட்டில். 1935 ஜூன் 10. அந்தத் தேதியைத்தான் இவங்க ஏ.ஏ. பொறந்த நாளுன்னு கணக்கு வச்சிருக்காங்க.

ரெண்டு குடிகாரன் பேசுன பேச்சு, இப்போ ஏறக்குறைய 180 நாட்டுல நடக்குது. நம்ம நாட்டுக்கு 1957-லயே வந்திருச்சு. நீ பொறக்குறதுக்கு முன்னாடியே உனக்கு நாற்காலி போட்டு வச்சுட்டாங்க. நீதான் திருச்செந்தூர்ல கம்பிக்குள்ள கையை விட்டுக்கிட்டு நிக்கே.

இரு, இரு. "கடையை மூடுனா நான் நிறுத்திருவேன் மாமா"ன்னு ஆரம்பிக்கப் போறே. இதை எங்க அப்பன் காலத்துலருந்து கேக்குறேன். ராஜாஜி 1937-ல சேலம் ஜில்லாவுல மதுவிலக்குக் கொண்டாந்தாரு. 1971-ல தொறந்தாங்க. பெறகு மூடுனாங்க, பெறகு தொறந்தாங்க. 2003-லருந்து கவர்மெண்டே கல்லாவுல உக்காந்துருச்சு. 2016-ல 500 கடையை மூடி, காலையில 10 மணிக்குத் தொறந்ததைப் பகல் 12 மணிக்கு மாத்துனாங்களே, அப்ப நீ என்ன பண்ணுனே? முந்துன நா ராத்திரியே வாங்கி வைக்கப்படப்புல சொருகி வச்சே. மாடு முட்டிப் பாட்டில் ஒடைஞ்சு, மாட்டை அடிச்சே. கடையை மூடணுமா வேண்டாமாங்கிறதை மெட்ராசுல பேசட்டும். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் உன் ஈரல் காத்திருக்காது.

நீ ஒண்ணும் முயற்சி பண்ணாத ஆளு இல்ல, அதையும் சொல்லணும். ரெண்டு வருசம் சபரிமலைக்கு மாலை போட்டே. நாப்பத்தெட்டு நாள் ஊரே உன்னைச் சாமி சாமின்னு கூப்புட்டுச்சு. வெள்ளெனக் குளிச்சு, பட்டையைப் போட்டு, குரல்கூட மாறிப் போச்சு. நாங்களும் நம்பிட்டோம். மாலையைக் கழட்டுன அன்னைக்குச் சாயங்காலம் நாப்பத்தெட்டு நாள் பாக்கியையும் வட்டியோட குடிச்சே. அப்புறம் உங்க ஆத்தா கூட்டிட்டுப் போயிக் கையில கயிறு கட்டி விட்டா. பதினோரு நாள் ஓடுச்சு. பன்னெண்டாம் நாளு கயிறை அவுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுக் கடைக்குப் போயி, குடிச்சு முடிச்சு மறுபடி கட்டிக்கிட்டு வந்தியாமே. சாமியை வாசல்ல செருப்பு மாதிரி கழட்டி வச்சிட்டுப் போன ஆளு உலகத்துல நீ ஒருத்தன்தான்.

போன மாசம் உன் பொண்டாட்டி, எவனோ நோட்டீசு குடுத்தான்னு, குடிக்கிறவங்களுக்கே தெரியாமக் காப்பியில கலந்து குடுக்குற பொடி வாங்கப் போச்சு. நான்தான் மறிச்சேன். குடியை வெறுக்க வைக்கிற மாத்திரை நெசமாவே உண்டு. டாக்டர் எழுதிக் குடுத்து, நீ தெரிஞ்சு, சம்மதிச்சுச் சாப்பிடணும். அதைச் சாப்பிட்டிருக்கோம்னு தெரியாம மேல ஊத்துனா மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் எறங்கி, ஆளே போனாலும் போயிருவான். அந்தப் புள்ளைக்கு அது தெரியாது பாவம். ஆமா, இந்தக் காப்பியில ஒண்ணும் இல்ல. குடி.

இப்ப ஒண்ணு சொல்றேன். இதுல மட்டும் நையாண்டி கெடையாது. நீ தெனம் குடிக்கிறவன். காலையில எந்திரிச்சதும் கைநடுக்கம் நிக்க ஒரு வாய் ஊத்துற அளவுக்கு வந்துட்டே. அப்படிப்பட்டவன் வீராப்பா 'இன்னையிலருந்து தொட மாட்டேன்'னு சட்டுனு நிறுத்தக் கூடாது. ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாளு கழிச்சு ஜன்னி மாதிரி வந்து, செவுத்துல பூரான் ஓடுது, செத்த அப்பா கூப்புடுறாருன்னு பேச ஆரம்பிக்கலாம். உசுருக்கே ஆபத்து. மேலத்தெருவுல ஒரு ஆளுக்கு அப்படி வந்தப்ப பேய் புடிச்சிருச்சுன்னு வேப்பங்கொழையால அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதனால மொதல்ல பெரியாசுபத்திரிக்குப் போயி, மனநலப் பிரிவுல டாக்டரைப் பாக்கணும். நாலஞ்சு நாளு மாத்திரை, வைட்டமின் ஊசின்னு போட்டு, நடுக்கத்தை எறக்கி விடுவாங்க. கூட்டம் வைத்தியத்துக்குப் பதிலு இல்ல. உடம்பை டாக்டர் எறக்கி விட்ட பெறகு, மனசு மறுபடி ஏறிக்காமப் பாத்துக்கிற எடம் அது. டாக்டர் வைத்தியமும் நடக்கட்டும், கூட்டமும் நடக்கட்டும். ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சண்டை கெடையாது.

அப்படியே, அந்த டாக்டர்கிட்டயும் ஆலோசனை சொல்ற அம்மாகிட்டயும் "இங்க பக்கத்துல ஏ.ஏ. கூட்டம் எங்க, என்னைக்கு?"ன்னு கேளு. அவங்களுக்குத் தெரியும். இல்லையா, 14446-னு ஒரு நம்பர் இருக்கு, போதை மறுவாழ்வுக்குன்னு கவர்மெண்டு வச்சது, காசு புடிக்காது. அதுல கேளு. அதுவும் இல்லையா, உன் போனுல ஏ.ஏ. தமிழ்நாடுன்னு தட்டு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதுல ரம்மி ஆடத் தெரியுதுல்ல? நேர்ல போக முடியாத நாளுக்குப் போனுலயே தமிழ்ல கூட்டம் நடத்துறாங்க. ஒரு ஊருல திங்கள், ஒரு ஊருல வியாழன்னு இருக்கும். போறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சு நாளையும் நேரத்தையும் உறுதி பண்ணிக்கோ. அந்தப் போனை எடுக்குறவனும் ஒரு காலத்துல உன்னை மாதிரி தூணைக் கட்டிப் புடிச்சவனாத்தான் இருப்பான். ஒளறுனாலும் கோவிச்சுக்க மாட்டான்.

பெரும்பாலும் சாயங்காலம் ஆறு, ஆறரை, ஏழு மணிக்குத்தான் கூட்டம். ஏன் தெரியுமா? அதைவிட மோசமான நேரம் குடிகாரனுக்கு வேற இல்ல. வேலை முடிஞ்சிருச்சு, கூலி கையில இருக்கு, வெயில் எறங்குது, நாக்கு வறளுது.

"யாராச்சும் பாத்துட்டா?"

அட, மாப்ளைக்கு மானம் வந்திருச்சு! எங்க, திரும்பிப் பாரு, மூஞ்சியை ஒரு தடவை பாத்துக்கிறேன். தீவாளி அன்னைக்கு பஸ் ஸ்டாப்புல வேட்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம் கெடந்தியே, அப்ப ஊரு கண்ணை மூடிக்கிட்டா போச்சு? ஆறரை மணி பஸ்சு உன்னைச் சுத்தித்தான் திரும்புச்சு. டிரைவர் உனக்கு ஆரன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போனாரு. குடிக்கிறது ஊருக்கே தெரியலாம், நிறுத்துறது மட்டும் ரகசியமா இருக்கணும்! இந்த வெக்கம் எந்தக் கணக்குல சேரும்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன், புடிபடல.

ஆனா, சிரிச்சேனே ஒழிய, அது எல்லாருக்கும் வர்ற வெக்கம்தான். எனக்குத் தெரிஞ்ச ஆளு சொன்னேன்ல, அவரும் மொதல் நாளு இதே பாடுதான் பட்டாரு. ஒரு சர்ச்சுக்குப் பின்னாடி சின்ன ரூமு. வாசல்ல வேப்பமரம், அடியில ஒரு பாட்டி பனங்கெழங்கு வித்துக்கிட்டு இருக்கா. இவரு துண்டைத் தலையில போட்டுக்கிட்டு கேட்டைத் தாண்டிப் போறாரு. திரும்பி வர்றாரு. மறுபடி போறாரு. மூணாவது தடவை அந்தப் பாட்டி நிமுந்துகூடப் பாக்கல, கெழங்கைக் கட்டிக்கிட்டே சொல்றா, "மீட்டிங்குன்னா உள்ள போய்யா, டீ ஆறிப் போயிரும்."

உள்ள போனாரு. வாசல்ல செருப்பைக் கழட்டும்போது மூக்கு ரோட்டுப் பக்கம் பாக்க வச்சாரு, ஓடணும்னா தோதா இருக்கும்ல. டியூப் லைட்டு, பிளாஸ்டிக் நாற்காலி பதினஞ்சு இருபது, செவுத்துல ரெண்டு பெரிய அட்டை, பன்னெண்டு பன்னெண்டு வரி எழுதி. ஊருல எவர் கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு துண்டைப் போட்டுக்கிட்டுப் போனாரோ, அந்தப் பெரிய மனுசனே உள்ள கையில கெட்டிலோட எல்லாருக்கும் டீ ஊத்திக்கிட்டு நிக்காரு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்க. அவரு ஒண்ணும் கேக்கல. "சீனி போதுமா?"ன்னாரு. ஒரு கடலைமிட்டாயை எடுத்து கையில வச்சாரு. குடியை விட்டவங்களுக்கு இனிப்புக்கு நாக்கு அலையும், சட்டைப் பையில ரெண்டு போட்டுக்கிட்டா கடையைத் தாண்டும்போது ஒத்தாசையா இருக்கும்னு சொன்னாரு. கோவில்பட்டிப் பக்கம் பொறந்துட்டு இதுக்குக்கூட வெளியூருக்கா போகணும்?

அந்தப் பெரிய மனுசன் யாருன்னு கேக்காதே. சொல்ல மாட்டேன். சொன்னா அந்த ரூமுக்குள்ள மறுபடி காலெடுத்து வைக்க எனக்கு மூஞ்சி இருக்காது. அதாவது, அந்த ஆளுக்கு மூஞ்சி இருக்காது. நீ காப்பியைப் பாத்துக் குடி.

உள்ள என்ன நடக்கும்கிறியா? ஒண்ணும் நடக்காது, அதுதான் விசேசம். ரிஜிஸ்டர் கெடையாது, கையெழுத்துக் கெடையாது, ஆதார் கேக்க மாட்டான். குடியை நிறுத்தணும்கிற ஆசை, சேர்றதுக்குத் தகுதி அது ஒண்ணுதான். நிறுத்திட்டுத்தான் வரணும்னு இல்ல. ஒருத்தர் முன்னால உக்காந்து கொஞ்சம் வாசிப்பாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா, "எம் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி"ன்னு ஆரம்பிச்சுத் தன் கதையைப் பேசுவாங்க. எல்லாரும் வணக்கம் சொல்லுவாங்க. ஒருத்தர் பேசும்போது குறுக்க எவனும் பேசக் கூடாது. நம்ம ஊருப் பஞ்சாயத்துலருந்து போனவனுக்கு அதைப் பாத்தாலே மயக்கம் வரும். பதில் சொல்லக் கூடாது, திட்டக் கூடாது, "நான் அப்பவே சொன்னேன்ல"ங்கக் கூடாது. பேச இஷ்டம் இல்லைன்னா பேரை மட்டும் சொல்லிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திரு. ஆறு வாரம் அப்படியே உக்காந்திருந்தவரு இருக்காரு. ஏழாவது வாரம் வாயைத் தொறந்தாரு, பூட்டுறதுக்கு சாவிக்காரரு எட்டரை மணி வரைக்கும் நின்னாரு.

அங்க அழுகையைவிடச் சிரிப்புத்தான் ஜாஸ்தி. ஒருத்தர் பேசுறாரு, பொண்டாட்டிக்குத் தெரியாமக் கெணத்துக்குள்ள கயித்துல பாட்டிலைக் கட்டித் தொங்க விட்டுருந்தாராம். அந்தம்மா தண்ணி எறைக்கப் போயி வாளிக்குப் பதிலா பாட்டிலை இழுத்திருக்கு. ரூமே உருண்டு பொரண்டு சிரிக்குது. அவனவன் தன் வீட்டு வைக்கப்படப்பை நெனச்சுத்தான் சிரிக்கிறான். அப்புறம் அந்த மனுசன் அதே குரல்ல, அந்தக் கெணத்துலயே தன் மக விழப் போனதைச் சொன்னாரு. பேச்சு மூச்சு இல்ல. டியூப் லைட்டுப் பூச்சி சத்தம் கேட்டுச்சு.

அதுதான் நான் சொன்ன பங்கு. அவன் கதையில பாதி உன் கதையா இருக்கும். தனியாக் குடிச்ச கசப்பை ஆளுக்கு 90 மில்லியா ஊத்திக்கிட்டா எறங்கிருது.

காசு கேப்பான்னு நெனைக்கிறியா? கடைசியில ஒரு பையைச் சுத்தி விடுவாங்க, வாடகைக்கும் டீத்தூளுக்கும். புதுசா வந்தவனைப் போட வேண்டாம்பாங்க. வெளியாள் காசு குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. 1938-ல அமெரிக்காவுல ராக்ஃபெல்லர்னு ஒரு பெரிய எண்ணெய்க் கோடீசுவரக் குடும்பத்து ஆளுகிட்ட பில் உதவி கேட்டாரு. பெருசா எதிர்பாத்தவருக்கு 5,000 டாலர்தான் கெடச்சது. பணம் ஜாஸ்தியானா இந்தக் காரியம் கெட்டுப் போயிரும்னுட்டாரு அந்த மனுசன். அப்ப மூஞ்சியைத் தொங்கப் போட்டவங்க, பின்னால அதையே சட்டமா வச்சுக்கிட்டாங்க. நம்ம ஊரு அம்மன் கோயில் கமிட்டி இதைக் கேட்டா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துரும்.

சாமி விசயம் பேசுவாங்க, அதுவும் உண்மைதான். தன்னைவிடப் பெரிய சக்தி ஒண்ணு, அவனவன் நெனைக்கிற மாதிரின்னு. சர்ச்சுல நடக்குதேன்னு மதம் மாத்திருவாங்கன்னு பயப்படாதே, எடம் வாடகைக்குத்தான். எனக்குத் தெரிஞ்ச ஆளுக்கு வேற சிக்கல். குலதெய்வம் கருப்பசாமி. அவருக்கே வருசா வருசம் சாராயமும் சுருட்டும் வச்சுப் படைக்கிறோம். அவருகிட்ட போயிக் குடியை நிறுத்த உதவி பண்ணுன்னா, மொதல்ல நீ வச்சதை எடுடாம்பாரே! கடைசியில, இந்த ரூமுல இருக்குற இருபது பேரும் சேந்தா என்னைவிடப் பெருசுதானேன்னு அவங்களையே கும்புட்டுக்கிட்டாரு. சாமி இல்லைங்கிறவரும் அங்க ரெண்டு பேரு இருக்காங்க. ரொம்ப ஒழுங்கா வர்றவங்க அவங்கதான்.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமான்னு உனக்குச் சந்தேகம் வரும். எம் பேரன் படிச்சுச் சொன்னான், 2020-ல காக்ரேன்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு 27 ஆய்வு, பத்தாயிரத்துக்கு மேல ஆளுகளை எடுத்துப் பாத்திருக்கு. ஆட்களை ஏ.ஏ.-வுல சேத்துவிட்டுத் தொடந்து போக வைக்கிற முறையில, அடியோட குடிக்காம இருக்குறவங்க எண்ணிக்கை மத்த சில பேச்சு வைத்தியத்தைவிட ஜாஸ்தின்னு வந்திருக்கு. அதுக்காக எல்லாருக்கும் ஒத்துக்கும்னு இல்ல. சில பேருக்கு அந்தப் பேச்சே புடிக்காது. டாக்டரோட, மாத்திரையோட நல்லா இருக்காங்க. ஒரு கூட்டம் புடிக்கலைன்னா அடுத்த ஊருக் கூட்டத்துக்குப் போயிப் பாரு. ஒரு கடையில பீர் கூலிங் இல்லைன்னா நீ குடியையா விட்டே? அடுத்த கடைக்கு நடந்தேல்ல.

கட்டிப் போட்டு அடிச்சுக் குடியை நிறுத்துறேன்னு சில எடங்க கெளம்பிருக்கு. அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதே. உங்க ஆத்தாளை எவன் கூட்டிட்டுப் போகச் சொன்னாலும் லைசென்சு இருக்கா, டாக்டர் இருக்காரான்னு கேக்கச் சொல்லு.

அங்க ஒரு பழைய ஆளைப் புடிச்சுக்கோ. ஸ்பான்சர்னு சொல்லுவாங்க. அவரு நம்பரை வாங்கி வச்சுக்கோ. நாக்கு இழுக்கும்போது குடிக்கிறதுக்கு முன்னாடி அவருக்கு அடிக்கணும். குடிச்சிட்டு அடிச்சு, "அண்ணே, நீங்க தெய்வம்"னு அழுவுறதுக்கு இல்ல. பசி, கோவம், தனிமை, அசதி இந்த நாலுல எதுன்னாலும் கால் கடைக்கு நடக்கும்பாங்க. உனக்கு நாலும் ஒண்ணா வர்றது சனிக்கெழமை சாயங்காலம், சம்பளம் வாங்குன பெறகு. அன்னைக்குச் சோத்தைத் தின்னுட்டு வீட்டுக்கு வா. பாதி நோய் அதுலயே மட்டுப்படும். சறுக்குனா ஒளியாதே, மறுவாரம் போ. அங்க அடிக்க மாட்டாங்க. நாற்காலி அதே எடத்துல இருக்கும்.

உன் பொண்டாட்டிக்கும் ஒரு கூட்டம் இருக்கு, அல்-அனான்னு. குடிக்கிறவன் வீட்டு ஆளுகளுக்கு. அந்தப் புள்ள பாட்டில்ல பேனாவால கோடு போட்டு அளந்து வச்சதையும், நீ குடிச்ச அளவுக்குத் தண்ணி ஊத்திக் கோட்டுக்கு நேர் பண்ணி வச்சதையும் அங்க சொன்னா, சுத்தி இருக்குற பொம்பளைக எல்லாம் அடுத்த வரியைத் தானே சொல்லி முடிப்பாங்க. இந்த ஊருல அதுக்குப் பேச ஒரு ஆளு இல்ல மாப்ளே. என் தங்கச்சிகிட்டச் சொன்னா, "எம் மவனுக்கு மனசு சரியில்லை"ம்பா.

ஒரு வருசம் ஆனா அங்க பொறந்த நாள் கொண்டாடுவாங்க. கேக்கு வெட்டி, கையில ஒரு காசு மாதிரிப் பதக்கம் குடுப்பாங்க. இந்தா, இந்தப் பெட்டிக்குள்ள வெத்தலைக்கு அடியில கெடக்கே, இது மாதிரித்தான். எடுக்காதே, எடுக்காதே. இது, அந்த ஆளு பத்திரமா வச்சிருக்கச் சொல்லிக் குடுத்தது. பதினேழு இருக்கும், எண்ணிப் பாக்கல.

என்ன சிரிக்கிறே? இந்த ஆறு மாசத்துல உன் மூஞ்சியில சிரிப்பைப் பாக்குறது இப்பத்தான்.

சரி, நாளைக்குக் காலையில எட்டு மணிக்குப் பெரியாசுபத்திரி. சீட்டு எழுதுற வரிசையில நான் நிக்கேன், நீ பெஞ்சுல உக்காந்திரு. இன்னைக்கு நீயா ஒண்ணையும் நிறுத்தி வீரம் காட்டாதே. ராத்திரி படபடன்னு வந்தாலோ வேர்த்துக் கொட்டுனாலோ உடனே என்னை எழுப்பு, விடியட்டும்னு இருக்காதே. டாக்டர் சரின்னதும், வர்ற வியாழக்கெழமை அஞ்சே முக்கால் பஸ்சு. எனக்கு டவுன்ல ஒரு சோலி இருக்கு, என்ன சோலின்னு கேக்காதே. டிக்கெட்டு நான் எடுக்கேன். போகும்போது ஜன்னல் சீட்டு உனக்கு, காத்தோட்டமா வா. திரும்பி வரும்போது பஸ்சு கடை வாசல்ல ரெண்டு நிமிசம் நிக்கும், அப்ப மட்டும் ஜன்னல் சீட்டு எனக்கு.